மரவாள் சொன்ன பாடம்

ஏலகிரியில், புங்கனூர் ஏரிக்கரையில், விடுமுறை நாள்களில் நாம் கும்தோ பயின்று வருகிறோம். கொரிய மொழியில் ‘கும்’ என்பது வாள். ‘தோ’ என்பது நெறி. கையிலிருப்பது மரவாள்தான்.

இருபது ஆண்டுகளாகத் தொல்காப்பியத்தின் வாள்மங்கலத் துறையை வகுப்பில் விளக்கிய நமக்கு, வாளைப் பிடிக்கவே தெரியாதென்பது முதல்நாளே விளங்கிற்று. வலக்கையை இறுக்கினோம். “விசை இடக்கையில், வலக்கை வழிகாட்டினால் போதும்” என்றார், நம்மினும் இளையவரான ஆசான்.

கொரியர் தம் போர்ப்பயிற்சி முறைகளை 1790இல் ‘முயே தோபோ தோங்ஜி’ என்னும் படநூலாகத் தொகுத்து வைத்தனர். நம் திருப்பத்தூர் வட்டாரத்து நடுகல் வீரர்களும் வாளேந்தியே நிற்கின்றனர். கல்லின் காலத்தை ஆராய்ந்தோமேயன்றி, அவர்கள் கைப்பிடியை உற்றுநோக்கினோமில்லை.

இப்போது அத்துறையை நடத்துகையில் தோள் வலிக்கிறது. உரையாசிரியர் எவரும் நமக்குச் சொல்லாத பொருள் அது. கற்பித்தே பழகியவர்கள் மீண்டும் மாணவராவது நன்று, நண்பர்களே.