பஞ்சுவுக்காக எடுத்த முடிவு

சென்ற வருட விடுமுறையில் வாப்பா ஒரு முயல்குட்டி கொண்டு வந்தார். அப்போது அதற்கு இரண்டு மாதம். வெள்ளை வெளேரென்று இருந்ததால் பஞ்சு என்று பெயர் வைத்தேன்.

நகம் வெட்டுவதற்காகக் கண்டியில் மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டு போனோம். "இது பெண் முயல். ஆறு மாதமளவில் கர்ப்பப்பையை அகற்றிவிடுங்கள்" என்றார் டொக்டர். நான் திடுக்கிட்டேன். துள்ளித் திரியும் பிராணியின் வயிற்றை ஏன் வெட்ட வேண்டும்?

அவர் பொறுமையாக விளக்கினார். நான்கு வயதைத் தாண்டும் பெண் முயல்களுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணமாம். நாலு மாதத்துக்கு முன்பென்றால் கர்ப்பப்பை மிகச் சிறியது. வயது கூடினால் கொழுப்பு சேர்ந்து சத்திரசிகிச்சை கடினமாகும். மயக்க மருந்தில் ஆபத்து இல்லையென்றும் அவர் சொல்லவில்லை.

வீட்டில் உம்மும்மா சம்மதிக்கவில்லை. "ஒரு தரமாவது குட்டி போடட்டும் புள்ள. அதுவும் பொம்புளதானே" என்றார். எனக்கும் குட்டிகளைப் பார்க்க ஆசைதான். ஆனால் ஒரே ஈற்றில் எட்டுக் குட்டிகள் கூடப் பிறக்கலாம். ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படவும் முடியும். அத்தனையையும் யார் பார்ப்பது? இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன்.

ஐந்தரை மாதத்தில் ஒருநாள் பஞ்சு தன் நெஞ்சு ரோமத்தைப் பிய்த்து, புல்லோடு சேர்த்துக் கூடு கட்டியது. வீட்டில் ஆண் முயலே இல்லை! அது பொய்ச்சினை என்றார் டொக்டர். வராத குட்டிகளுக்காக அது காத்திருந்ததைப் பார்க்க உம்மும்மாவுக்கே மனம் பொறுக்கவில்லை. "அமானிதம் புள்ள, பார்த்துச் செய்" என்றார். பொய்ச்சினை முடியும்வரை பொறுத்து, ஆறரை மாதத்தில் நாள் குறித்தோம்.

"இரவு சாப்பாடு கொடுக்கக் கூடாதுதானே?" என்று உம்மா கேட்டார். முயலுக்கு வாந்தியெடுக்க முடியாது, அதனால் பட்டினி போடத் தேவையில்லை, வயிறு வெறுமையாக இருந்தால்தான் ஆபத்து என்று டொக்டர் சொன்னது எங்களுக்குப் புதினமாக இருந்தது.

அன்று மாலை பஞ்சு வீட்டுக்கு வந்தது. ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. புல்லைத் தொடவில்லை. சாப்பிடாமல் குடல் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்திருந்தார்கள். மருந்து கொடுத்துவிட்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நானா போய்ப் படுக்கச் சொன்னார், போகவில்லை. 'நான்தானே இதற்குச் சம்மதித்தேன்' என்ற நினைப்பு என்னை வாட்டியது.

நள்ளிரவு தாண்டியதும் பொன்னாங்காணி இலையொன்றை நீட்டினேன். மூக்கு அசைந்தது. மெல்லக் கடித்தது. சுபஹுக்கு எழும்பி வந்த உம்மா கூட்டுக்குள் எட்டிப் பார்த்து, "மகள், புழுக்கை போட்டிருக்கு!" என்று கத்தினார். புழுக்கையைக் கண்டு ஒரு வீடே அல்ஹம்துலில்லாஹ் சொன்னது அன்றுதான்.

இப்போது பஞ்சுவுக்கு ஒரு வயது. தனக்கு என்ன நடந்ததென்று அதற்குத் தெரியாது. அதனிடம் கேட்டு முடிவெடுக்கவும் முடியாது. அதனால்தான் நன்றாக விசாரித்து, சரியான நேரத்துக்காகப் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பயத்தில் தள்ளிப்போடுவது பொறுமையாகாது என்பதைப் பஞ்சுவிடம்தான் கற்றுக்கொண்டேன்.