முன்பணமும் முகதாட்சண்யமும்

விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூருக்கு நான் சென்றது பங்குனி மாதத்தில். உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்துவிட, மிளகாய்ப் பழம் மாத்திரம் கரிசல் களங்களில் செக்கச்செவேலென்று காய்ந்துகொண்டிருந்த காலம். முடி திருத்துவோரும் ஒப்பனை செய்வோரும் தம்மை நாடி வருகிறவர்களுக்கு எதுவரை இணங்கலாம், எங்கே மறுக்கலாம் என்ற விஷயத்தை நகரத்து நிலையங்களில் விசாரிப்பதைக் காட்டிலும், வாடிக்கைக்காரர் யாவரும் முறை சொல்லி அழைக்கிறவர்களாகவே இருக்கும் ஒரு சிற்றூரில் விசாரிப்பதே பிரயோஜனமானது என்பது என் அபிப்பிராயம்.

கடைத்தெருவில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் பெரியவர் தம் தகப்பனார் காலத்தை விவரித்தார். அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடியுமுன்பே வீடு வீடாகப் போய், திண்ணைக்கு வெளியே வேப்பமரத்தடியில் குந்தியிருந்து சிரைத்துவிட்டு, அன்றன்று கூலி என்று கையில் காசு வாங்காமல், அறுவடைக் காலத்தில் களத்து ஓரமாய்ப் போய் நின்று, அளந்து போடுகிற கம்பையும் சோளத்தையும் துண்டில் ஏந்தி வருவதுதான் அன்றைய ஜீவனம். மழை பொய்த்த வருஷத்தில் களமும் பொய்த்தது, வேலை பொய்க்கவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர் போகவேண்டும், பிரசவத்துக்கு அவர் வீட்டுப் பெண்கள் போகவேண்டும், நேரம் காலம் கிடையாது. "வரமுடியாதுன்னு சொல்ல எங்கய்யாவுக்கு வாயே கிடையாது சார்" என்றார் பெரியவர். அவ்வாறு வாயடைக்கப்பட்ட ஒருவரின் மகன், இரண்டு கண்ணாடியும் ஒரு சுழல் நாற்காலியும் போட்டு, செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று எழுதி, சுவரில் கட்டணப் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது, அந்தப் பலகை எனக்கு ஓர் உரிமைச் சாசனமாகவே தோன்றியது.

பெரியவருக்குச் சோதனை வந்தது இந்த ஊரில் அல்ல, அவர் முன்பு கடை வைத்திருந்த வேறோர் ஊரில். "அந்தத் தெரு ஆளுகளுக்கு வெட்டுற கத்தரியை எங்க தலையில வைக்காதே" என்று சிலர் வந்து நின்றார்களாம். அவர் சொன்ன மறுமொழி இது: "இஷ்டம்னா உக்காருங்க அண்ணாச்சி. இல்லேன்னா கோவில்பட்டிக்குப் போங்க. அங்க யாருக்கு வெட்டுன கத்தரின்னு நீங்க கேக்கவே மாட்டீக." சில மாதங்கள் வரும்படி குறைந்தது, அவர் பணியவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கடைகளுக்குள் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற ஷரத்து விவாதத்துக்கு வந்தபோது, தன்னை நாடி வரும் எவருக்கும் தன் சேவையை அளிக்கச் சித்தமாக ஒருவன் அமர்ந்திருக்கும் இடமே கடை என்று டாக்டர் அம்பேத்கர் விளக்கி, அதற்கு நாவிதரையே உதாரணமாக எடுத்துக் காட்டினார். தீண்டாமையின் பேரில் சேவையை மறுப்பது 1955ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஆயினும், நிர்ப்பந்திக்கிறவர் நிலபுலம் உள்ளவராகவும், கத்தரி பிடிக்கிறவர் தாமே தாழ்த்தி வைக்கப்பட்டவராகவும் இருக்கிற ஊர்களில், சட்டத்தின் முழுப் பாரத்தையும் அந்த ஒற்றை மனிதர் தலையில் சுமத்திவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நியாயமன்று.

அடுத்த சந்தில் பெண்களுக்கான அழகு நிலையம். தூத்துக்குடியில் தொழில் பயின்று வந்த இளம்பெண் ஒருத்தி நடத்துகிறாள். நான் அவளோடு பேசிக்கொண்டிருக்கையில், மிளகாய்க் களத்திலிருந்து நேரே ஓர் அம்மாள் வந்து, மறுநாள் மகளுக்கு வளைகாப்பு என்றும், தலைக்குச் சாயம் போட்டே ஆகவேண்டும் என்றும் உட்கார்ந்துவிட்டாள். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் கலந்திருக்கும் பாராஃபெனிலின்டையமின் என்ற ரசாயனம் சிலருக்கு ஒவ்வாமல் தலைத்தோல் புண்ணாகி, கண்ணும் முகமும் வீங்கிவிடும்; ஆகையால் காதுக்குப் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது முறை.

"காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு வச்சு விடுறேன் அத்தை. ரெண்டு நாள் அரிப்பு எடுக்கலேன்னா வாங்க, போட்டு விடுறேன்."

"விசேஷம் நாளைக்குத் தாயி!"

"நாளைக்கு நரை தெரியாம வாரிப் பின்னி, பூ வச்சு விடுறேன். சாயம் மட்டும் இன்னிக்குப் போட மாட்டேன்."

அம்மாள் முணுமுணுத்தாள், பிறகு காதை மடக்கிக் காட்டினாள். குரல் உயராமல், உறவும் அறாமல் மறுக்கிற இந்த வித்தையை எந்தப் பயிற்சிப் பள்ளியும் கற்றுக்கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கல்யாண வேலைதான் அவளுக்கு அதிகச் சங்கடம். விடியற்காலை மூன்று மணிக்கு மணப்பெண்ணை அலங்கரிக்கப் போனால், 'வந்ததுதான் வந்தே' என்று நாத்தனாரும் சித்தியும் வரிசையாய் முகத்தை நீட்டுவார்கள். ஆரம்பத்தில் தாட்சண்யத்துக்காகச் செய்து, பவுடரும் பொழுதும் போய், மணப்பெண்ணின் கொண்டையே அரைகுறையாய் நின்ற அனுபவத்துக்குப் பிறகு, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள்: தேதி, ஊர், எத்தனை முகம், பாதி முன்பணம், வீட்டார் கையெழுத்து. "நோட்டுல மூணு முகம்தான் மதினி இருக்கு, நாலாவதுக்குக் காசு தனி" என்று சொல்ல அந்தக் கையெழுத்து அவளுக்குத் தைரியம் தருகிறது. கடன் சொல்கிறவர்களை அவள் அடியோடு விரட்டுவதில்லை. மிளகாய் விற்கும்வரை பொறுக்கிறாள், ஆனால் பழைய பாக்கி தீராமல் புதுக் கணக்கு எழுதுவதில்லை. சிவப்பாக்கித் தரும் என்று மருந்துக்கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கி வந்து பூசச் சொல்கிறவர்களிடமோ பேரமே கிடையாது.

நான் புறப்படும் வேளையில் வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்காக ஒரு தகப்பனார் வந்தார். அதே விடியலில் வேம்பாருக்கு முன்பணம் வாங்கியிருந்தாள். இரட்டைத் தொகை தருவதாக அவர் சொல்லியும் ஒப்புக்கொள்ளாமல், விளாத்திகுளத்தில் இதே தொழில் செய்யும் தன் தோழியைத் தொலைபேசியில் அழைத்து, அந்தத் தேதியை அவளுக்கே முடித்துக் கொடுத்தாள்.