உடைந்ததும் உடைத்ததும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, வங்காளம் எனப் பல மொழிகள் ஒலிக்கின்றன. ஆகவே, அண்டை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பதற்கும் ஆங்கிலத்தையே நாடுகிறோம். 'சாரி' என்னும் சொல் எல்லார் நாவிலும் எளிதில் வருகிறது. அது 'வலி' என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

சென்ற கோடை விடுமுறையில் எதிர்வீட்டுச் சிறுவன் அடித்த பந்து, கீழ்த்தளத்தில் வாழும் வங்காள மூதாட்டியின் துளசித் தொட்டியை உடைத்துவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது. எனவே, சிறுவன் ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி என்னிடம் காட்டினான். கைப்பேசியைப் பார்த்து எழுதிய அழகிய தொடர்கள்! 'ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறேன்' என்பதே அவற்றின் சாரம். தொட்டியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

"என்ன நடந்தது? தமிழில் சொல், தம்பி" என்றேன்.

"தொட்டி உடைந்துவிட்டது, மாமா."

"தானாகவா உடைந்தது?"

சற்று நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, "நான்தான் உடைத்தேன்" என்றான்.

'உடைந்தது' என்னும் சொல்லில் செய்தவர் மறைந்துகொள்ளலாம். 'உடைத்தேன்' என்பதிலோ 'ஏன்' என்னும் தன்மை ஒருமை விகுதி அவரைக் காட்டிவிடும். ஆங்கிலத்திலும் செய்தவரை மறைக்கும் தொடரும் உண்டு. காட்டும் தொடரும் உண்டு. அவன் மீண்டும் எழுதினான். பந்தடித்துத் தொட்டியை உடைத்தது தான் என்பதை முதல் தொடரிலேயே கூறினான். நாள்தோறும் அவர் அச்செடிக்கு நீர் ஊற்றுவதைத் தான் அறிந்ததையும், புதிய தொட்டி வாங்கித் தரவிருப்பதையும், இனி அங்கே பந்து விளையாடுவதில்லை என்பதையும் எழுதினான். நான்கே தொடர்கள், யாவும் எளிய சொற்கள்.

காந்தியடிகள் தம் பதினைந்தாம் வயதில், அண்ணனின் பொற்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். பின்னர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு தந்தைக்குக் கடிதம் எழுதினார். தமக்குத் தண்டனை தருமாறு வேண்டினார். தம் பிழைக்காகத் தந்தை தம்மையே வருத்திக்கொள்ள வேண்டா எனக் கேட்டுக்கொண்டார். இனித் திருடுவதில்லை என உறுதியும் அளித்தார். நோயுற்றிருந்த தந்தை எழுந்தமர்ந்து அதைப் படித்தார். கண்ணீர் வழியக் கடிதத்தைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். 'சத்திய சோதனை' நூலில் காந்தியடிகள் இதனைக் கூறியுள்ளார்.

எம்மொழியில் எழுதினாலும், செய்ததை மறைக்காமல் சொல்வதும், பிறர் வலியை உணர்வதும், இழப்பை ஈடுசெய்வதும், மீண்டும் செய்யாதிருப்பதும் நம் கடமை. மன்னிப்பதோ, கடிதத்தைப் பெறுபவரின் உரிமை.