திருநாவலூர் முதல் தியாகதுருகம் வரை

திருநாவலூர் என்றதும் சைவப் பெருமக்களுக்குச் சுந்தரர் பிறந்த ஊர் என்பதே நினைவுக்கு வரும். மத்ரஸா மாணவர்கள் மூவருடன் சென்ற ஆண்டு விடுமுறையில் அங்கே சென்றபோது, எனக்கு நினைவில் வந்ததோ வேறொன்று. அவ்வூரைத் தொட்டு ஓடும் கெடிலம் கடலூருக்குப் போகிறது. மேற்கே உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்து சேலம் சாலையில் போனால் எலவானாசூர்க்கோட்டை. அதற்கப்பால் தியாகதுருகத்துப் பாறைக்குன்று. கிழக்கே புதுச்சேரி. 1760-இல் ஒரு நகரின் பசி இந்தச் சீமையைச் சார்ந்தே இருந்தது.

அவ்வாண்டு ஆங்கிலேயத் தளபதி கூட், பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியை வளைத்துக்கொண்டார். கடலில் கப்பல்களை நிறுத்தினார். தரையில் சாலைகளை அடைத்தார். மதிலை இடிக்கப் பீரங்கி வேண்டும். நெல் வண்டியைத் தடுக்கவோ நாற்சந்தியில் ஒரு காவற்படை போதும். முற்றுகையின் சூட்சுமம் இதுதான். பிரெஞ்சுத் தலைவர் லாலி, ஹைதர் அலியின் உதவியை நாடி, தியாகதுருகத்தையும் எலவானாசூரையும் மைசூரார் வசம் விட்டார். ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி படையோடு வந்தார். மாடுகளும் அரிசியும் இவ்வட்டாரத்து வழிகளில்தான் புதுச்சேரிக்குச் சென்றன. சில மாதங்களில் அப்படை திரும்பிவிட்டது. வழி அடைபட்டது.

அதன்பின் நடந்ததை மாணவர்களுக்குச் சொல்லத் தயங்கினேன், ஆயினும் சொன்னேன். 1760 நவம்பர் இறுதியில், உணவு குறைந்துவிட்டதென்று, லாலி நகரிலிருந்த நம் நாட்டு மக்கள் 1,400 பேரை வெளியேற்றினார். ஆங்கிலேயர் அவர்களை வழிவிடாது திருப்பியடித்தனர். மதிலருகே மீண்டவர்களைப் பிரெஞ்சுக் காவலர் சுட்டனர். எட்டு நாட்கள் அம்மக்கள் இரு படைகளுக்கும் நடுவே புல்லின் வேரைத் தின்று கிடந்தனர். பிறகே கூட் அவர்களைப் போகவிட்டார். 1761 புத்தாண்டன்று புயல் ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை அழித்தது. ஆயினும் சில நாட்களில் கடலடைப்பு மறுபடியும் நிலைபெற்றது. ஜனவரி நடுவில் புதுச்சேரி பணிந்தது. 65 நாட்கள் அடைபட்டுக் கிடந்த தியாகதுருகமும் பிப்ரவரியில் பணிந்தது.

“போரில் இது ஆகுமானதா, ஹஜ்ரத்?” என்று இளையவன் கேட்டான். குன்றடியில் அமர்ந்து பதில் சொன்னேன்.

அடைப்பின் கொடுமையை நம் நபி (ஸல்) அவர்கள் தம் வயிற்றிலேயே அறிந்தவர்கள். அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் குறைஷியர் அவர்களையும் குடும்பத்தாரையும் ஒதுக்கி வைத்தனர். குழந்தைகள் பசியால் அழுத குரல் கணவாய்க்கு வெளியே கேட்டதாம். ஹிஜ்ரி 5-இல் அகழ்ப் போரின்போது மதீனாவே வளைக்கப்பட்டது. காலம் மாறியது. யமாமாவின் தலைவர் துமாமா (ரலி) இஸ்லாத்தைத் தழுவியதும், பெருமானாரின் அனுமதியின்றி ஒரு கோதுமை மணியும் மக்காவுக்கு வராது என்று குறைஷியரிடம் கூறித் தானியத்தை நிறுத்திவிட்டார். மக்கா அப்போது பகைவரின் ஊர். வெற்றி கொள்ளப்படாத ஊர். பசித்த குறைஷியர், உறவைச் சுட்டி நபிகளாருக்கு எழுதினர். கணவாயின் கணக்கை அங்கே தீர்த்திருக்கலாம். தானியத்தை விட்டுவிடுமாறு துமாமாவுக்குக் கடிதம் போயிற்று.

சிறுவன் சற்று நேரம் குன்றையே பார்த்திருந்தான். “அந்த 1,400 பேருக்கு அப்படி ஒரு கடிதம் வரவில்லையே” என்றான். அஸருக்கு நேரமாகியிருந்தது; உளூ செய்யத் தண்ணீர் தேடிப் புறப்பட்டோம்.