பதினஞ்சாயிரத்துக்குள்ள ஒரு மலை சைக்கிள்: கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

சர்க்கரை, பிரஷர், தொப்பை என்று ஏதோ ஒரு காரணத்துக்காக "இனி தினமும் சைக்கிள்" என்று முடிவெடுத்து, எம்டிபி என்கிற மலை சைக்கிள் வாங்கக் கிளம்பும் நண்பர்களுக்காக இந்த நீண்ட பதிவு.

பட்ஜெட் பத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய். ஓட்டப் போவது வாரத்துக்கு அஞ்சு நாள், காலையில் அரை மணி நேரம், ஊருக்குள்ளேயும் ஊரைச் சுத்தியும். இதை மனசுல வெச்சுத்தான் எழுதறேன். மலையில் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு இங்கே ஒண்ணும் இல்லை. எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. அரசு மருத்துவமனை ஓபியில் முட்டி வலி, கை மரத்துப்போகுது என்று வருபவர்களின் சைக்கிளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம், நானே ஓட்டித் தெரிந்துகொண்டது மிச்சம்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். இந்த விலையில் ஷாக் அப்சார்பர் இல்லாத, உங்க உயரத்துக்குச் சரியான பிரேம் உள்ள, முடிஞ்சவரை லேசான சைக்கிளை வாங்குங்க. கடையில் நிற்கும் சைக்கிள்களிலேயே பார்க்க ரொம்பச் சாதாரணமா இருக்கிறதுதான் பெரும்பாலும் அதுவா இருக்கும். வீட்டில் பையன் முகம் சுளிப்பான். பரவாயில்லை.

ஏன் ஷாக் வேண்டாம்?

நல்ல ஷாக் என்பது அமுங்கினால் மட்டும் போதாது. அமுங்கினது நிதானமா திரும்பி வரணும். அதைக் கட்டுப்படுத்துற அமைப்புக்குத்தான் காசு. பத்தாயிரம் ரூபாய் சைக்கிளில் அது பெரும்பாலும் இருக்காது. உள்ளே இருப்பது வெறும் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கினா "டங்"குனு அடிக்கும், ரெண்டு மழைக்காலம் போனா துருப்பிடிச்சு இறுகிடும். கூடவே ரெண்டு கிலோ எடையையும் தினமும் சுமக்கணும்.

முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஷாக் இருந்தா இன்னும் மோசம். நீங்க மிதிக்கிற பலத்தில் ஒரு பகுதி பின் ஸ்பிரிங்கை அமுக்கவே போயிடும். இந்த விலையில் அப்படி வரும் வண்டிகள் பதினெட்டு, இருபது கிலோ வரைக்கும் இருக்கும். நம்ம ஊர் ரோட்டுக்கும் வண்டிப்பாதைக்கும் ரெண்டு இன்ச் அகல டயரே போதும். அதிர்ச்சியை வாங்கிக்கிற வேலையை அந்த டயருக்குள்ள இருக்கிற காத்து பார்த்துக்கும்.

இன்னொரு விஷயம். மலை சைக்கிளே ஷாக் இல்லாமல்தான் பிறந்தது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமல்பைஸ் மலைப் பக்கத்துப் பையன்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மண் பாதையில் இறக்கினார்கள். பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கிற பிரேக். கீழே போய்ச் சேருவதற்குள் அந்தச் சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் புகைஞ்சு போயிடும், திரும்பவும் கிரீஸ் அடைக்கணும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பேர் வந்தது. அந்த மலையையே ஷாக் இல்லாம இறங்கினாங்க. நம்ம பைபாஸ் ரோட்டு ஸ்பீடு பிரேக்கருக்கு ரெட்டை ஷாக் எதுக்கு?

போன வருஷம் ஓபிக்கு ஒரு அண்ணன் வந்தார். நாற்பத்தெட்டு வயசு, ஆறு வருஷமா சர்க்கரை. நடந்தா குதிகால் வலி என்பதால் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருந்தோம். மகன் ஆசையா ஒரு வண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். மோட்டார் பைக் மாதிரி தடிச்ச டயர், ரெண்டு பக்கமும் ஷாக். மூணே வாரத்தில் ரெண்டு முட்டியிலும் முன்பக்கம் வலி. "தேய்மானமா சார், எக்ஸ்ரே எடுத்துடலாமா"ன்னு கேட்டார்.

அவர் சைக்கிள் வெளியே ஸ்டாண்டில்தான் நின்றது. ஓபி முடிஞ்சதும் போய்ப் பார்த்தோம். உட்கார்ந்தபடியே ரெண்டு பாதமும் தரையில் முழுசா ஊன்றும் அளவுக்கு சீட்டை இறக்கி வெச்சிருந்தார். விழுந்துடக் கூடாதுங்கிற பயம். இப்படி ஓட்டினா பெடல் மேலே வரும்போதெல்லாம் முட்டி அதிகமா மடங்கும், முட்டிச் சில்லு தொடை எலும்போட அழுந்தித் தேயும். இதில் வண்டியும் கனம், கியரும் கனமானதுலேயே போட்டு வெச்சிருந்தார். சீட்டை மூணு இன்ச் ஏத்தினோம். கியரை எப்படி மாத்துறதுன்னு காட்டினோம். ஒரு வாரம் ஓய்வு, அப்புறம் பத்து நிமிஷத்திலிருந்து ஆரம்பம். வலி போயிடுச்சு. ஆறு மாசம் கழிச்சு அந்த வண்டியை வித்துட்டு ஷாக் இல்லாத ஒண்ணு வாங்கிட்டார். இப்பவும் ஓட்டுறார். நான் கவலைப்பட்டது முட்டியைப் பத்தி இல்லை. முதல் மாசத்தில் வலிச்சு, "சைக்கிள் நமக்கு ஒத்துக்கலை"ன்னு விட்டிருந்தா, அவர் செய்யக்கூடிய ஒரே உடற்பயிற்சியும் போயிருக்கும். அப்படித் துணி காயப்போடும் கம்பியா மாறிய கியர் சைக்கிள்கள் எத்தனை வீட்டு மாடியில் நிக்குது!

அதனால அளவு பத்திக் கொஞ்சம் விரிவா.

கடையில் 26, 27.5, 29 என்று சொல்வது சக்கரத்தின் அளவு. "உயரமான ஆளுக்கு 29, குள்ளமானவருக்கு 26"ன்னு விக்கிறாங்க. நீங்க கேட்க வேண்டியது பிரேம் அளவு. தோராயமா 5 அடி 3 அங்குலம் வரைக்கும் 15, 16 இன்ச் பிரேம். அதுக்கு மேல 5 அடி 8 வரைக்கும் 17. இன்னும் உயரம்னா 18, 19. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் இதை மட்டும் நம்பாதீங்க. சீட்டுக்கு முன்னாடி, பாரை நடுவுல விட்டு ரெண்டு காலையும் தரையில் ஊன்றி நில்லுங்க. பாருக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு இன்ச்சாவது இடைவெளி வேணும். குரங்கு பெடல் போட்டு அப்பாவோட சைக்கிளில் கத்துக்கிட்ட தலைமுறை நாம. அளவு பெருசா இருந்தாலும் சமாளிச்சுக்கலாம்னு தோணும். நாற்பது வயசுல அந்தச் சமாளிப்பு இடுப்பு வலியில முடியும்.

சீட் உயரத்துக்கு ஒரு எளிய வழி. சுவரைப் பிடிச்சுக்கிட்டு சீட்டில் உட்காருங்க. பெடல் கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைங்க. கால் நேராகணும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீங்க, அப்போ முட்டியில் லேசான மடிப்பு வரும். அதுதான் சரியான உயரம். முட்டிக்கு முன்னாடி வலிச்சா சீட் தாழ்வு. பின்னாடி வலிச்சா, அல்லது மிதிக்கும்போது இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடினா சீட் உயரம். நிக்கும்போது சீட்டை விட்டு முன்னாடி இறங்கித்தான் காலை ஊன்றணும். ரெண்டு நாள்ல பழகிடும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுதா? உடம்புப் பாரம் உள்ளங்கையில் விழுந்து அங்கே போகும் நரம்பை அழுத்துது. ஹேண்டில்பாரைக் கிட்டயோ உயரமாவோ வைக்கணும், கையை அடிக்கடி மாத்திப் பிடிக்கணும். உக்கார்ற இடம் மரத்துப்போனா, ஆண்கள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடறேன். சீட்டின் மூக்கு மேல் நோக்கி இருக்கான்னு பாருங்க, சமமா வைங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து நின்னு மிதிங்க. மெத்து மெத்துன்னு ஜெல் கவர் வாங்கிப் போட்டா சிலருக்கு அழுத்தம் கூடத்தான் செய்யும். சரிசெஞ்ச பிறகும் மரப்பு தொடர்ந்தா மருத்துவரைப் பாருங்க.

கியர். தஞ்சாவூர், ராமநாதபுரம் மாதிரி தட்டையான ஊருக்கு ஒரே கியர் போதும். ஏற்காடு அடிவாரத்தில் இருக்கீங்களா, இல்ல பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழி மாதிரி காத்தாடி சுத்துற ஊரா? ஏத்தத்துக்கும் எதிர்காத்துக்கும் கியர் வேணும், ஆனா பின்னாடி ஏழு இருந்தாலே தாராளம். 21 கியர் என்பது முன்னாடி மூணு, பின்னாடி ஏழு, பெருக்கினா வர்ற கணக்கு. அதில் பாதி உங்களுக்குப் பயன்படவே படாது.

பிரேக்கில் டிஸ்க் கேக்காதவங்க இல்லை. மழையில் டிஸ்க் நல்லாவே பிடிக்கும், மறுக்கலை. ஆனா இந்த விலையில் வருவதைச் சரியா வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக் பக்கத்துல இருக்காரான்னு பாருங்க. சாதாரண ரப்பர் கட்டை பிரேக்கை எந்தத் தெருமுனைக் கடையிலும் சரிபண்ணிடலாம்.

ஹீரோ, ஹெர்குலிஸ், பயர்பாக்ஸ், ராக்ரைடர் என்று பேர் சொல்லி எது நல்லதுன்னு கேக்காதீங்க. உங்க ஊர்ல எதுக்கு சர்வீஸ் இருக்கோ, கோட்டம் எடுக்க எவர் கையில கொடுக்க முடியுமோ, அதுதான் நல்லது.

ஆன்லைனில் வாங்கினா வண்டி பாதி பூட்டின நிலையில்தான் வரும். தயவுசெய்து நீங்களே பூட்டாதீங்க. இடது பெடலின் மரை தலைகீழானது. வழக்கம்போலத் திருகி முறுக்கினா மரை போயிடும், அந்தப் பக்க கிராங்கையே மாத்தணும். முன் போர்க்கைத் திருப்பி மாட்டிட்டு அப்படியே ஓட்டுறவங்களையும் பார்த்திருக்கேன். மெக்கானிக்குக் கொடுக்கிற காசு, கேஷுவாலிட்டிக்கு வர்ற செலவைவிடக் கம்மி.

பதினஞ்சாயிரமும் சைக்கிளுக்கே போட்டுடாதீங்க. இந்த வண்டிகளில் பெரும்பாலும் மட்கார்டு வராது, கேரியர் வராது, பெல் கூட வராது. ஹெல்மெட், பின்பக்கம் சிவப்பு விளக்கு, பூட்டு, பம்பு, இதுக்கெல்லாம் ரெண்டு மூணாயிரம் ஒதுக்குங்க. சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டம் இல்லைதான். தலைக்காயத்தோட வர்றவங்களைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் கேட்டுக்கிறேன். விடியுமுன்னே கிளம்புறவங்களுக்கு அந்தச் சிவப்பு விளக்கு ஹெல்மெட்டுக்குச் சமம்.

எவ்வளவு ஓட்டணும்? பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஓட்டும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நடந்தாலோ படியேறினாலோ நெஞ்சு அழுத்துறவங்க, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவங்க, சைக்கிள் கடைக்கு முன்னாடி மருத்துவரைப் போய்ப் பாருங்க.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒண்ணு. இன்சுலின் போடுறவங்க, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்க வெறும் வயித்துல கிளம்பாதீங்க. மெட்பார்மின் மட்டும் சாப்பிட்டா தாழ்சர்க்கரை வர்றது அபூர்வம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தா உடனே இறங்கி உட்காருங்க. மூணு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணியில கரைச்சுக் குடிங்க, பதினஞ்சு நிமிஷம் பொறுங்க, சரியாகலைன்னா இன்னொரு தடவை. கடலை மிட்டாய் இதுக்கு ஆகாது, அதில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ஏற நேரமாகும். செருப்போட ஓட்டாதீங்க, ஷூ போடுங்க. பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சவங்களுக்குப் பெடல் கீறினது கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க.

உங்க உயரம், ஊர், பட்ஜெட் மூணையும் கீழே எழுதுங்க. டூட்டி முடிஞ்சு ராத்திரி பதில் சொல்றேன்.