பனியும் ஒரு பயங்கொள்ளியும்

மார்கழி பிறந்துவிட்டால் மதுரையிலிருக்கும் என் தமக்கைக்கு என்மீது திடீரென்று கருணை சுரந்துவிடும். "தம்பி, அந்தக் குளிரில் எப்படித்தான் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறாயோ! லீவு விட்டதும் குழந்தையையும் அவளையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு" என்பாள். இதே தமக்கை சித்திரை மாதத்தில் சகல பரிவாரங்களுடனும் நாயுடுபுரத்துக்கு வந்து இறங்குவாள். அப்போது குளிரைப் பற்றி ஒரு நிந்தனை அவள் வாயிலிருந்து வராது. "ஆகா, தேவலோகம்!" என்பாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கொடைக்கானலை உலகத்தார் அனைவரும் கோடையில்தான் அறிவார்கள். மே மாதத்தில் ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் சாலையில் மனிதர்களைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டிய பத்து நாள் ஜனத்திரளைக் கழித்துவிட்டால், குளிர்காலத்து மலை எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கே சொந்தம். நான் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்வதில் சிறிது துணிச்சல் இருக்கிறது. பிறந்தது வத்தலக்குண்டில். பள்ளி ஆசிரியனாக மாற்றலாகி மலையேறிப் பதினொரு வருஷங்கள்தான் ஆகின்றன. முதல் மார்கழியில் இரண்டு பனியன், ஒரு ஸ்வெட்டர், ஒரு கம்பளிச் சால்வை, தலைக்குக் குரங்குக் குல்லாய் ஆகியவற்றுடன் வகுப்பில் நுழைந்தேன். மாணவர்கள் எழுந்து நிற்கவில்லை. உள்ளே இருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை!

இப்போது அந்த அலங்காரமெல்லாம் போய்விட்டது. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போய்ப் பனியைப் பார்க்காவிட்டால் எனக்குப் பொழுது விடியாது.

பனி என்றால் சமவெளியில் புல் நுனியில் முத்துப்போல் நிற்குமே, அந்தப் பனியல்ல. இது உறைபனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானத்தில் மேகமே இல்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவுகளில்தான் இது விழும். 'விழும்' என்று சொல்கிறோமே தவிர, மேலிருந்து ஒன்றும் விழுவதில்லை. போர்வையில்லாத மனிதனைப்போல, மேகமில்லாத இரவில் பூமி தன் சூட்டையெல்லாம் ஆகாயத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டு வீட்டுக்காரர் தோட்டம் பச்சையாயிருக்க, ஏரிக்கரைப் புல்தரை உப்புத் தூவினாற்போல் வெளுத்திருப்பதற்கு இதுதான் காரணம். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் படிப்படியாக ஐந்து சென்ட் நிலம். அதில் மேற்படி தப்பிக்கும், கீழ்ப்படி மாட்டிக்கொள்ளும். இந்த உண்மையைப் புஸ்தகத்தில் படித்துப் பல வருஷம் பாடம் நடத்தியவன் நான். ஆனால் முதல் வருஷம் உருளைக்கிழங்கைக் கீழ்ப்படியில்தான் போட்டேன். ஒரே இரவில் இலைகளெல்லாம் கொதிநீர் ஊற்றினாற்போல் கறுத்துவிட்டன.

அன்றைக்கு வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள்தான் என் குருநாதர். "வாத்தியாரய்யா, வெயில் படுறதுக்கு முன்னாடி பச்சைத் தண்ணியைத் தெளிச்சு விடுங்க. பனி மேல வெயில் பட்டாத்தான் கருகும்" என்றார். நான் பட்டதாரி, பாட்டியம்மாள் கைநாட்டு. அன்று முதல் அதிகாலையில் பூவாளியும் கையுமாக நிற்கிறேன்.

ஐப்பசியில் ஊன்றிய பூண்டு மார்கழியில் ஒரு சாண் உயரம் வளர்ந்திருக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பாட்டியம்மாளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ரெண்டு குழி பூண்டு போட்டவங்களுக்குக் காசு கூடக் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, அடுப்புக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டுக்கு இன்னும் கொஞ்சம் புகை போட்டார். பூண்டைத் தவிர, கொடிப்பட்டாணி இரண்டு வரிசை, காரட் ஒரு பாத்தி, இலையுதிர்ந்து நிற்கும் ஒரு பேரி மரம். பேரி மரத்தை அது உறங்கும் இக்காலத்தில்தான் கவாத்துச் செய்யவேண்டும். ஊருக்குள்ளே பிரையண்ட் பூங்காவிலும் இந்த மாதங்களில்தான் மண்வெட்டியின் சப்தம் அதிகம். மே மாத மலர்க் கண்காட்சியில் கோடை விருந்தினர் பார்த்து வியக்கும் பூக்களுக்கு வேர்பிடிக்கும் காலம் இது. 1908-ல் அந்தப் பூங்காவைத் திட்டமிட்ட வனத்துறை அதிகாரி பிரையண்டின் பெயர் நிலைத்துவிட்டது. குளிரில் குழி தோண்டிய நம்மவர் கைகளுக்குப் பெயர் இல்லை. போகட்டும்.

இனி வீரனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி மாலையில், பஜ்ஜிக் கடை அடுப்பின் ஓரத்தில் சாம்பலில் சுருண்டு கிடந்த குட்டி அது. தாய் தெருநாய். தகப்பன் அசல் கோம்பை நாய் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். மேற்கு மலையடிவாரத்துக் கோம்பை நாய்களின் வீரம் பிரசித்தமானது. செவலை நிறமும் கரிமுகமும் அப்படியே இருந்தன. வீரத்தை மட்டும் தகப்பனார் கொடுக்க மறந்துவிட்டார் போலும்! பட்டாசு, குடை, முனிசிபாலிடி லாரி, பிரஷர் குக்கரின் விசில் ஆகிய அனைத்துக்கும் வீரன் நடுங்குவான். என் பெண் அவனுக்குப் பெயர் வைத்தபோது இவையெல்லாம் தெரியாது.

ஆனால் உலாவப் போவதற்கு அவனைப்போல் துணை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குறிஞ்சியாண்டவர் கோயில் வரை நடப்போம். 1936-ல் எழுந்த கோயில் அது. குளிர்காலத்து நிர்மலமான காலையில் அங்கிருந்து பார்த்தால், வடக்கே பாதாளத்தில் பழனிமலை ஒரு சிறு கூழாங்கல்லைப்போல் தெரியும். 2018-ல் குறிஞ்சி பூத்தபோது என் பெண் பத்து வயதுச் சிறுமி. அடுத்து 2030-ல் பூக்கும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயதாயிருக்கும். கணக்குப் போட்டுச் சொன்னேன். "அப்போ வீரனுக்கு?" என்று கேட்டாள். அந்தக் கணக்கை நான் போடவில்லை.

சில நாள் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கும் குன்றுப் பக்கம் போவதுண்டு. சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899-ல் நிறுவிய இடம். மழையும் மூடுபனியும் ஒழிந்து வானம் துலாம்பரமாயிருக்கும் இதே தை மாதத்தை ஒட்டி, 1909 ஜனவரியில், ஜான் எவர்ஷெட் என்பவர் சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாயிருக்கும். "சார், அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தாரா?" என்று ஒரு பையன் கேட்டான். சூரியனை ஆராய்ந்தவரும் குளிர் காய்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு இன்பங்களுக்கும் நடுவே எங்கள் குடும்பத்தில் ஒரு விபரீதம் நேர்ந்தது. சென்ற வருஷத்துக்கு முந்தின கார்த்திகை மாதம்.

காட்டெருமைகள் இப்போது எங்கள் ஊரில் பிரஜைகளைப்போல் நடமாடுகின்றன. உண்மையில் அது எருமையே அல்ல. பசுவுக்கு நெருங்கிய உறவு. சங்கப் புலவர்கள் 'ஆமா' என்று சரியாகத்தான் சொன்னார்கள். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும். அவை ஊருக்குள் வருவதற்கு அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. பழனி மலைத்தொடரில் 1973-க்கும் 2014-க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டது என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மனிதன் நட்ட சீகை மரமும் யூகலிப்டஸும் பைனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பசித்தவன் சோறு இருக்கும் வீட்டுக்குத்தானே வருவான்?

மனிதன் ஒதுங்கி நின்றால் அதுவும் தன் வழியே போய்விடும். நாய் குரைத்தால்தான் ஆபத்து. அதிலும் வீரனைப்போன்ற நாய்! தூரத்தில் நின்று உலகம் அதிரக் குரைப்பான். அது ஒரு அடி முன்னால் வைத்தால் எஜமானரின் கால்களுக்கிடையில் வந்து புகுந்துகொள்வான். அன்று மாலை அவன் புகுந்தது என் மனைவியின் கால்களுக்கிடையில். துரத்தி வந்த காளை என்ன நினைத்ததோ, பாதி வழியில் திரும்பிவிட்டது. ஓடிய வேகத்தில் அவள் படியில் இடறி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டுடன் திரும்பியவள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "என்னங்க, பொங்கலுக்கு மதுரைக்குப் போகும்போது இதையும் கூட்டிக்கொண்டு போய், அக்கா மைத்துனர் தென்னந்தோப்பில் விட்டுவிடலாம்" என்றாள். நியாயமான பேச்சு. அடுத்த தடவை அந்தக் காளை பாதி வழியில் திரும்புமா? என் பெண் இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. "மார்கழி முடியட்டும். அதற்குள் அவனுக்குக் குரைக்காமலிருக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறேன்" என்றேன். இருபது வருஷமாகப் 'பேசு, வாயைத் திறந்து பதில் சொல்லு' என்று பிள்ளைகளிடம் மன்றாடுகிறவன் நான். மௌனத்தைக் கற்றுக்கொடுத்துப் பழக்கமில்லை.

சாலைக்கு அப்பால், பள்ளத்தைத் தாண்டிய சரிவில் சாயங்காலந்தோறும் ஒரு மந்தை மேயும். இருநூறு கெஜத்துக்குக் குறையாத தூரத்தில், ஒரு பாறை மறைவில், வீரனைக் கயிற்றில் பிடித்தபடி உட்காருவேன். சட்டைப்பையில் ரஸ்க்குத் துண்டுகள். பத்து எண்ணும்வரை அவன் வாய் திறவாதிருந்தால் ஒரு துண்டு. திறந்தால் பேசாமல் எழுந்து வீட்டுக்கு நடந்துவிடுவேன். அடிப்பது கிடையாது. முதல் வாரம் ஏழு நாளும் வெறுங்கையுடன் திரும்பினோம். இரண்டாவது வாரம் பத்து, இருபது என்று எண்ணிக்கை ஏறியது. அரையாண்டு விடுமுறையில் நாள் தவறாமல் போனோம். மூன்றாவது வாரம் நூறு வரை எண்ணினேன். அவன் உடம்பெல்லாம் நடுங்கியது, உமிழ்நீர் வழிந்தது, ஆனால் குரல் எழவில்லை. போர்வைக்குள்ளிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் பெண் என்னைவிட அதிகமாக நடுங்கினாள். நாங்கள் மூவரும் வீடு திரும்பினால் சுக்குக் காப்பி தயாராயிருக்கும். பரீட்சை முடிவைப் பற்றி என் மனைவி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலை. அன்று கடுமையான உறைபனி. கீழ்ப்படியில் பட்டாணிக்குத் தண்ணீர் தெளிக்கவேண்டும். மாவுக்கட்டு அவிழ்த்துச் சில தினங்களே ஆகியிருந்தன. "நான் விளக்கு பிடிக்கிறேன்" என்று அவளும் வந்து பேரி மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தாள். வீரனை அந்த மரத்தில்தான் கட்டியிருந்தேன். இரண்டாவது பூவாளிக்கு நான் குழாயடிக்குப் போனேன்.

திரும்பியபோது பட்டாணிப் பந்தலுக்குப் பின்னால் நான்கு வெள்ளைக் காலுறைகள் தெரிந்தன. பிறகுதான் அவற்றுக்கு மேலேயிருந்த கறுத்த உடம்பு தெரிந்தது. வேலி எப்போது சாய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்கும் என் மனைவிக்கும் நடுவே பதினைந்து அடி இருந்தால் அதிகம். அவள் டார்ச் விளக்கை அணைத்துவிட்டு அசையாமலிருந்தாள். கத்தினால் கெட்டது. எனக்குக் கத்தவும் குரல் வரவில்லை. நான் பார்த்ததெல்லாம் வீரனை. அவன் எழுந்தான். கழுத்து மயிர் சிலிர்த்தது. வாயைத் திறந்தான். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, அவளுடைய முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

காட்டெருமை சாவகாசமாகத் தின்றது. பட்டாணி இரண்டு வரிசையும் முடிய ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டது. அந்த ஆவி வெள்ளை வெளேரென்று எழும்பியது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. கிழக்கு வெளுத்த பிறகுதான் நாங்கள் வாய் பேசினோம்.

"பூண்டைத் தொடவில்லை" என்றாள் அவள். அவளுடைய இடது கை வீரனின் கழுத்துப்பட்டையை இறுகப் பிடித்திருந்தது. அவன் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தான். சட்டைப்பையைத் தடவினேன். ரஸ்க்கு இல்லை. அவள் எழுந்து உள்ளே போய், விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பிஸ்கோத்துப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அன்று மாலை மதுரையிலிருந்து டெலிபோன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். "இல்லை அக்கா, பொங்கலுக்கு வர முடியாது போலிருக்கிறது. கை இன்னும் சரியாகவில்லை, பஸ் குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொல்கிறார்" என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. மறுமுனையில் தமக்கையின் குரல் அறை முழுவதும் கேட்டது: "அந்தக் குளிரிலா பொங்கல் வைக்கப் போகிறீர்கள்!"