பெட்டியில்லாத ஒலிபெருக்கி

ஒலிபெருக்கி என்றாலே பெட்டி வேண்டும் என்பது பலருடைய எண்ணம். அஃது அவசியமன்று. அகன்ற பலகையில் வட்டமாய் அறுத்து, 15 அங்குலக் காகிதக் கூம்பைப் பொருத்தினாலும் பாடும். நமது கூடத்தில் அத்தகைய பலகைகள் இரண்டு நிற்கின்றன. அறுத்துத் தந்தவர் தெருக்கோடித் தச்சர்.

கூம்பு முன்னே காற்றைத் தள்ளுகையில் பின்னே இழுக்கிறது. அந்தப் பின்னலையைப் பெட்டி சிறையிடுகிறது. சிறைச் சுவர்களும் கூடவே முனகுகின்றன. பலகையிலோ பின்னலைக்குப் பூரண விடுதலை. பழைய வால்வு ரேடியோக்கள் பலவும் முதுகு திறந்தவையே அன்றோ?

எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் இசைத்தட்டொன்றை வைத்துக் கேட்டோம். குரல் பலகையிலிருந்து வருவதாகவே தோன்றவில்லை. அதற்கப்பால் யாரோ அமர்ந்து பாடுவது போலிருந்தது. தம்பூராவின் சுருதி தனித்து நின்றது. மிருதங்கத்தில் வலந்தலை கணீரென்றது. தொப்பியின் கும்கியோ இளைத்துவிட்டது! வினாடிக்கு 80 அதிர்வுள்ள நாதத்தின் அலை 14 அடி நீளம். மூன்றடிப் பலகை அதற்கு எம்மாத்திரம்? பின்னலை விளிம்பைச் சுற்றி வந்து முன்னலையை அழித்துவிடுகிறது. மிருதங்கப் பித்தர்களுக்குப் பெட்டியே உத்தமம். குரலுக்கும் வீணைக்கும் நாம் பலகையையே விரும்புவோம்.

நிற்க, சுவரோடு ஒட்டி வைத்தால் குரல் குழம்புகிறது. மூன்றடியேனும் விலக வேண்டும். அந்த மூன்றடியில்தான் அம்மாவின் ஊஞ்சல் ஆடுகிறது. ஊஞ்சலைக் கழற்ற அம்மா சம்மதிக்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. இரவு உணவுக்குப் பின் ஊஞ்சல் ஓய்ந்ததும் பலகைகளை முன்னே நகர்த்துகிறோம். அம்மாவும் ஊஞ்சலிலிருந்து இறங்கி, எதிரே பாய் விரித்து அமர்ந்துவிடுகிறார்.